அக்னி மூலைச் சமையலறைக்குக் கேஸ் குழாயும் சிம்னி டக்டும்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான வழிகாட்டி

கேஸ் குழாய் எந்த வழியாக உள்ளே வரும், சிம்னியின் புகை எந்த வழியாக வெளியே போகும் என்ற இரண்டையும் பெரும்பாலான வீடுகளில் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டி, கப்போர்டு மாட்டி முடித்த பிறகு மெக்கானிக் வந்தால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் ஓட்டை போடுவார். மேடைக் கல் பதிக்கும் முன்பே, இரண்டையும் ஒரே தாளில் வரைந்துவிடுங்கள். இரண்டும் ஒரே அறையின் காற்றைப் பங்குபோடுகின்றன. ஒன்றில் செய்யும் தவறு இன்னொன்றின் வழியாக வெளிப்படும்.

இது வேலையை நின்று கவனித்துச் செய்விக்கும் வீட்டுக்காரருக்கும், தொழிலுக்குப் புதிதாக வந்தவருக்கும் எழுதியது. சிலிண்டர், ரெகுலேட்டர் இணைப்பில் எந்த மாற்றம் என்றாலும் உங்கள் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் வழியாகவே செய்யுங்கள். குழாயில் பற்றவைப்பு தேவைப்பட்டால் அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மற்றதை நீங்களே சரிபார்க்கலாம், சரிபார்க்கத்தான் வேண்டும்.

முதலில் காற்று

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீரைப் போலத் தரையோடு ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். புகையும் ஆவியும் சூடாக இருப்பதால் மேலே ஏறும். எனவே சமையலறைக்கு வெளிச்சுவரில் தரையோடு ஒட்டி ஒரு திறப்பு வேண்டும். அரை அடிக்கு அரை அடி கிரில் போதும். மேலே புகைக்கு ஒரு வழி வேண்டும். கீழ்த் திறப்பில் கொசுவலை அடித்தால் மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். அடைத்துப்போன வலை சுவருக்குச் சமம்.

மூன்றாவது ஒன்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சிம்னிப் பெட்டியில் மணிக்கு 1200 கனமீட்டர் என்று போட்டிருக்கும். புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்டும் அதன் வளைவும் சேர்ந்த பிறகு அதில் பாதி, சுமார் 600 கனமீட்டர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு காற்றும் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். அது வேகமில்லாமல் வர இரண்டு சதுர அடித் திறப்பு தேவை, அதாவது ஒரு ஜன்னல் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சிம்னியைப் போட்டால், கதவிடுக்கிலிருந்தும் பாத்ரூம் பக்கமிருந்தும் காற்றை இழுக்கும். பக்கத்தில் கேஸ் கீசர் இருந்தால் அதன் புகையையும் சேர்த்து வீட்டுக்குள் இழுத்துவிடும். இதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் உயிரைப் பறிப்பது இதுதான்.

எந்தச் சுவரில் எது

நம் பக்கத்தில் சமையலறை பெரும்பாலும் தென்கிழக்கு மூலையில் இருக்கும். கிழக்கே பார்த்துச் சமைப்பார்கள். ஆகவே கிழக்கும் தெற்கும் வெளிச்சுவர்கள், அடுப்பு கிழக்குச் சுவரோரம். டக்டை நேராகக் கிழக்கே விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். கடல் கிழக்கே இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று அந்தச் சுவரில்தான் மோதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று மழையோடு அதே பக்கம் அடிக்கும். டக்ட் வாயில் எதிர்க்காற்று அழுத்தினால் சிம்னி கத்தும், ஆனால் இழுக்காது. மழைநீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கும். ஒரே ஒரு வளைவு கொடுத்துத் தெற்குச் சுவரில் வெளியே விடுங்கள். ஒரு வளைவால் கொஞ்சம் இழுவை குறையும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

சிலிண்டர் அறையையும் தெற்குப் பக்கச் சந்தில் வைக்கலாம். வைக்கும் முன் அந்தச் சந்தில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் சம்ப் மூடி, போர் மோட்டார் ஸ்டார்ட்டர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் அதே பக்கத்தில்தான் வந்து சேரும். கசியும் கேஸ் சம்ப்பில் இறங்கித் தேங்கும். மோட்டார் ஸ்விட்ச் போடும்போது பொறி பறக்கும். இவை எதுவும் சிலிண்டர் அறையிலிருந்து ஒரு மீட்டருக்குள் வேண்டாம், தூரம் கூடக்கூட நல்லது.

சிலிண்டர் அறை

ஒன்று ஓட, ஒன்று இருப்பாக என இரண்டு 14.2 கிலோ சிலிண்டருக்கு உள்ளளவு 80 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், ஒரு மீட்டர் உயரம் போதும். தரை சுற்றுத் தரையைவிட உயர்ந்து, வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். பள்ளத்தில் சிலிண்டர் வைக்கவே கூடாது. கதவு அலுமினியத்தில், மேலும் கீழும் காற்றோட்டச் சட்டங்களோடு. இரும்புக் கதவு தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். அவசரத்தில் திறக்காத கதவு ஆபத்து. சமையலறையில் அடுப்பு எப்போதும் சிலிண்டர் வால்வைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது: படுத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்து, அடுப்பில் தீ பாய்ந்து எழும்.

சிலிண்டரைச் சங்கிலியால் சுவர்க் கொக்கியில் கட்டுங்கள். காலிச் சிலிண்டர்தான் மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். நிறைந்த வீட்டுச் சிலிண்டரின் எடை சுமார் 30 கிலோ. அது ஒதுக்கும் தண்ணீரோ ஏறக்குறைய 35 கிலோ. நிறைசிலிண்டரே மிதந்து, ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு போகும். 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை

சிலிண்டரிலிருந்து அடுப்புவரை 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டு:

காப்பர் பைப், அரை இன்ச், சுவர் கனம் 1 மி.மீ.க்குக் குறையாதது: 5 மீட்டர். மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டது கிடைத்தால் கடலோரத்துக்கு அதுவே நல்லது.
கேஸுக்கான பித்தளை பால் வால்வு: 2.
ஃப்ளேர் நட் (பைப்பின் விரித்த வாயை வால்வோடு சேர்த்து இறுக்கும் நட்): 4. வால்விலிருந்து ட்யூபுக்கு வரிப்பள்ளம் உள்ள பித்தளை நாசில்: 2.
கிளாம்ப்: 60 செ.மீ.க்கு ஒன்று வீதம் 8. பித்தளை அல்லது பிளாஸ்டிக். இரும்புக் கிளாம்ப் காப்பரைத் தொட்டுக்கொண்டு உப்புக்காற்றில் இருந்தால் இரும்பு வேகமாக அரித்துப்போகும், பைப் தொங்கும்.
சுவருக்குள் போட ஒரு இன்ச் பிவிசி குழாய் ஒரு துண்டு.
ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9573 எண்ணும் உள்ள சுரக்ஷா ட்யூப் (சிலிண்டரையும் அடுப்பையும் பைப்போடு இணைக்கும் ரப்பர் ட்யூப்): 2, எதுவும் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது.

கடையில் மூன்று நூல் (3/8 இன்ச்) பைப்பையே எடுத்துக்கொடுப்பார்கள், விலை குறைவு என்று. நான்கு பர்னரும் முழுதாக எரியும்போது மூன்று நூல் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மில்லிபார் அழுத்தம் குறையும். அரை இன்ச்சில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ரெகுலேட்டர் கொடுப்பதே 30 மில்லிபார். 3 மீட்டருக்குள் என்றால் மூன்று நூல் போதும். அதற்கு மேல், வளைவுகளும் இருந்தால் அரை இன்ச் போடுங்கள். தீ சோர்ந்து எரிகிறது என்று பிறகு யாரோ அடுப்பில் கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டைக் குடைந்து பெரிதாக்கும் விபரீதம் அப்போது வராது.

குழாய் போடும் முறை

குழாய் முழுதும் கண்ணுக்குத் தெரியும்படி சுவர்மேல் ஓடட்டும். பூச்சுக்குள் புதைத்தால் அழகாக இருக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து மசாலா ரேக் மாட்ட வருகிறவர் டிரில்லை அதில்தான் இறக்குவார். கரண்டுக் குழாயோடு இணையாக ஓடினால் அரை அடி இடைவெளி விடுங்கள். சுவரைக் கடக்கும் இடத்தில் மட்டும் பிவிசி துண்டுக்குள் விட்டு, அதை வெளிப்பக்கமாகச் சரித்து, உள்வாயைச் சிலிக்கானால் அடையுங்கள், வெளிவாய் திறந்திருக்கட்டும். சுவருக்குள் கசிந்தால் கேஸ் வெளியே போகும், உள்ளே வராது. அந்தத் துண்டுக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. ரப்பர் ட்யூபைச் சுவர் வழியே கொண்டுவருவதும் கூடாது. எலி கடித்தாலும் வெடிப்பு விழுந்தாலும் தெரியாது.

வெட்டுவதற்கு டியூப் கட்டர் மட்டும். ஆக்சா பிளேடால் அறுத்தால் தூள் உள்ளே விழுந்து அடுப்பின் ஜெட்டை அடைக்கும், வாயும் கோணலாகும். வெட்டிய பின் உள்விளிம்பின் பிசிறை எடுங்கள், அப்போது பைப் வாய் கீழே பார்த்திருக்கட்டும். அடுத்து ஃப்ளேர் நட்டை முதலில் பைப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வாயை விரித்த பிறகுதான் நட்டைத் தேடுவார்கள். ஃப்ளேர் டூலில் பைப்பை இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூம்பை மெதுவாகத் திருகுங்கள். விரிந்த வாய் சுற்றிலும் ஒரே அகலத்தில், வெடிப்பும் கீறலும் இல்லாமல் பளபளவென்று இருக்க வேண்டும். ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த இரண்டு செ.மீ.யை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஃப்ளேர் நட்டின் மரையில் டெஃப்லான் சுற்றாதீர்கள். அங்கே கசிவை அடைப்பது மரை இல்லை, விரிந்த காப்பர் பித்தளையில் அமரும் அந்த முகம். டெஃப்லான் சுற்றினால் முகம் சரியாக அமராது. வால்வில் நாசில் ஏறும் கூம்பு மரைக்கு மட்டும் கேஸுக்கான தடித்த மஞ்சள் டெஃப்லான், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இறுக்கும்போது இரண்டு ஸ்பானர்: ஒன்று வால்வைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பானரில் இறுக்கினால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

வளைவுகளை ஸ்பிரிங் போட்டு அகலமாக வளையுங்கள். நசுங்கிய வளைவு வேண்டாம், அந்தத் துண்டை மாற்றுங்கள். நீள் ஓட்டத்தில் பைப்பை இணைக்க வேண்டி வந்தால் வெள்ளிப் பற்றவைப்பு செய்யச் சொல்லுங்கள். ஈயப் பற்றவைப்பு 200 டிகிரிச் சூட்டைச் சுற்றியே உருகும். சமையலறையில் சின்னத் தீ என்றாலும் ஜாயின்ட் கழன்று, தீக்கு கேஸ் ஊட்டும்.

ஒரு வால்வு சிலிண்டர் அறையில், இன்னொன்று அடுப்பருகே. இரண்டாவதை அடுப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள். எரிகிற தீக்கு மேலே கை நீட்டாமல் எட்டும்படி, பக்கவாட்டில் ஓர் அடி தள்ளி வையுங்கள்.

கசிவுச் சோதனை

ரெகுலேட்டரும் அடுப்பும் இணைக்கும் முன் செய்ய வேண்டியது இது. அடுப்பின் குமிழ்கள் 30 மில்லிபாருக்கு ஆனவை. கூடுதல் அழுத்தம் கொடுத்தால் அவை கெடும். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அழுத்தமானியோடு சைக்கிள் பம்ப்பைப் பொருத்தி ஒரு பார் ஏற்றுங்கள். அரை மணி நேரம் முள் அசையக் கூடாது. இதை வெயிலில் செய்யாதீர்கள். 3 டிகிரி சூடு ஏறினாலே சுமார் 20 மில்லிபார் கூடும். சின்னக் கசிவை அது மறைத்துவிடும். காலையில் ஏழு மணிக்கு முன்போ, இருட்டிய பிறகோ செய்வது நல்லது. சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள்.

பிறகு எல்லாம் இணைத்து, கேஸோடு இரண்டாவது சோதனை. தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யு வடிவில் பலகையில் கட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்பருகே உள்ள நாசிலில் மாட்டுங்கள். ரெகுலேட்டரைத் திறந்தால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் ஏறக்குறைய 30 செ.மீ. வித்தியாசம் வரும். ரெகுலேட்டரை மூடி பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகச் சோப்பு நுரை தடவித் தேடுங்கள். தேடி முடித்ததும் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். அமோனியா கலந்த திரவம் பித்தளையில் தங்கினால் நாளடைவில் அதில் வெடிப்பு விழும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவது இன்னமும் நடக்கிறது. கூடவே கூடாது.

டக்ட்

விட்டம் 6 இன்ச். பிளம்பர் கையில் நான்கு இன்ச் பிவிசி மிச்சம் இருக்கும், அதை மாட்டப் பார்ப்பார். அதே காற்று நான்கு இன்ச்சில் போக இரண்டேகால் மடங்கு வேகம் வேண்டும்; உராய்வு ஏழு மடங்கைத் தாண்டும். சத்தம் கூடும், எண்ணெய்ப் பசை வளைவில் படியும், மோட்டார் சூடேறும்.

சுருக்கி விரிக்கும் அலுமினியக் குழாய் மலிவு. ஆனால் அதன் மடிப்புகளில் பசை தேங்கும், சுத்தம் செய்ய முடியாது. வழவழப்பான அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டக்ட் போடுங்கள். கால்வனைஸ் தகடு மதுரையில் பத்து வருடம் தாங்கலாம், கடலோரத்தில் தாங்காது. பிவிசியைப் பலர் போடுகிறார்கள். வாணலியில் எண்ணெய் பற்றி எரிந்தால் அது முதலில் இளகி, பிறகு நச்சுப்புகை விடும். அடுப்புக்கு மேலே அது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

சிம்னியின் அடிப்பாகம் அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில். அதற்குக் கீழே வந்தால் ஃபில்டரில் உள்ள எண்ணெய் பற்றும்; மேலே போனால் தாளிப்புப் புகை பக்கவாட்டில் தப்பும். டக்டின் நீளம் 3 மீட்டருக்குள், வளைவு இரண்டுக்குள். படுக்கையாக ஓடும் பகுதி ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் வெளிப்பக்கமாகச் சரியட்டும், தண்ணீரும் எண்ணெயும் வெளியே வடியும். ஜாயின்ட்டுகளில் அலுமினியத் தகடு டேப்பும் ஸ்குரூவும். துணி டேப் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

சுவர் ஓட்டை எங்கே என்று தீர்மானிக்கும் முன் லின்டலைப் பாருங்கள். ஏழடி உயரத்தில் வீடு முழுதும் ஓடும் காங்கிரீட் பட்டை அது. அதையோ பீமையோ வெட்டக் கூடாது. பெரும்பாலும் லின்டலுக்கு மேலும் பீமுக்குக் கீழும் ஓரடிக்குக் கொஞ்சம் அதிகமாக இடம் கிடைக்கும். அதில் 7 இன்ச் கோர் கட்டிங் மிஷினால் ஓட்டை போடுங்கள். புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் சுத்தியல், உளி வைத்து உடைக்கவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து அதிர்வில் உதிரும். ஓட்டையைச் சுற்றி நாலைந்து செங்கல் தளர்ந்து, மழைநீர் சுவருக்குள் இறங்கும். அந்தச் சுவர்கள் ஒன்றரை அடி கனம் வரை இருப்பதால் டக்ட் துண்டின் நீளத்தை அளந்த பிறகே வாங்குங்கள். வெளிவாயில் காற்றுக்குத் தானாக மூடும் தகடுள்ள கவர், அணிலும் குருவியும் நுழையாமல் ஒரு செ.மீ. கண் உள்ள வலை. கொசுவலை போட்டால் ஒரு மாதத்தில் எண்ணெய்ப் பசை அடைத்துவிடும்.

டக்டை லாஃப்ட்டுக்குள்ளோ, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ விட்டுவிட்டு முடிந்தது என்று போகிறவர்கள் உண்டு. அங்கே எண்ணெயும் ஈரமும் சேர்ந்து தீக்கு விறகாகும். வெளியே கை வைத்துக் காற்று வருவதை உணர்ந்த பிறகே கூலியைக் கொடுங்கள்.

கேஸ் கீசர் இருந்தால்

கீசர் பாத்ரூமுக்குள் இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் ஒன்று முழு வீச்சில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸை எரிக்கும், பெரிய பர்னர் எரிப்பதைப்போல நான்கைந்து மடங்கு. அதனால் அதற்குத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர். மூடிய அறையில் எரிந்தால் ஆக்சிஜன் குறையும், தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, குளித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். கேஸுக்கு நாற்றம் சேர்த்திருப்பதால் கசிவை மூக்கு கண்டுபிடிக்கும். எரிந்த பின் வரும் இந்த வாயுவை மூக்கு கண்டுபிடிக்காது.

கீசரை வெளிச்சுவரில், மழை படாத திறந்த இடத்தில் மாட்டுங்கள். சர்வீஸ் ஏரியாவில்தான் முடியும் என்றால், கீசரின் வாய் அளவுக்குக் குறையாத உலோகக் குழாயால் புகையை வெளியே கொண்டுபோங்கள். அதைச் சிம்னி டக்டோடு இணைக்கக் கூடாது. கசிவுச் சோதனைகள் முடிந்த பிறகு இப்படிச் சோதியுங்கள்: ஜன்னல், கதவெல்லாம் சாத்தி, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கீசரை எரியவிட்டு, அதன் புகை வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். பத்தியின் புகை மேல்நோக்கி இழுக்கப்பட வேண்டும். அறைப்பக்கம் திரும்பி வந்தால் கீசரை உடனே அணைத்து, ஜன்னலைத் திறங்கள். காற்றுக்கு நிரந்தரத் திறப்பு போடும்வரை அதைத் தொடாதீர்கள்.

கேஸ் நாற்றம் வந்தால்

எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். முக்கியமாகச் சிம்னியை. புகை போகட்டும் என்று பதற்றத்தில் கை அங்கேதான் போகும். அதன் ஸ்விட்ச் பொறி போதும். வெளியே போய் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, தேங்கிய கேஸைத் தென்னந்துடைப்பத்தால் தரையோடு வாசல் பக்கம் தள்ளுங்கள். வீட்டைவிட்டு வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கடலோரப் பராமரிப்பு

மாதம் ஒருமுறை ஈரத்துணியால் குழாய், வால்வு, டக்ட் கவரைத் துடைத்து உப்பை எடுங்கள். காப்பர் பச்சை பூப்பது சாதாரணம். ஆனால் ஃப்ளேர் நட்டைச் சுற்றி நீலப்பச்சைத் தூள் கட்டியாகச் சேர்ந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பால் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும். சிம்னி ஃபில்டரை வறுவல் அதிகம் உள்ள வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் ஊறவையுங்கள்.

சுரக்ஷா ட்யூபின் ஆயுள் ஐந்து வருடம், தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்த நாளில் ரெகுலேட்டரை மூடி, சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, டக்ட் கவரின் தகடு தானாக மூடுகிறதா என்று தள்ளிப் பாருங்கள். சிலிண்டர் அறைக்குள் வெள்ளம் ஏறியிருந்தால், வடிந்த பின் அந்த ரெகுலேட்டரைத் துடைத்து மாட்டிவிடாதீர்கள். அதன் உள்ளே மெல்லிய ரப்பர் தாளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன, சேற்றுநீர் புகுந்தால் அழுத்தத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்றி வாங்கி, யு குழாயில் 30 செ.மீ. வருகிறதா என்று பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.